உப்பு விழுந்த மழைச்சோறு

பசி வயிற்றில் இல்லை, முதுகில் இருந்தது. விலாவுக்குப் பின்னால் யாரோ கயிறு கட்டி இழுப்பது மாதிரி. லாவண்யாவுக்கு இந்த வலி புதிதல்ல... சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் பைக்குள் டிபன் பாக்ஸ் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பட்டினி கிடப்பது இதுதான் முதல் தடவை.

இருட்டு விலகுமுன் ஊத்தங்கரையில் பஸ் ஏறியவள். கிருஷ்ணகிரி, சூளகிரி என்று மாறி மாறிப் பேரிகை வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து இந்த ஊர். அம்மா கட்டிக் கொடுத்த சோற்றைப் பஸ்ஸிலேயே தின்றிருக்கலாம். தின்னவில்லை. இந்த ஊரில் மழைச்சோறு எடுப்பதை முன்னின்று நடத்தும் ஜோதியம்மாள் போனில் அப்படிச் சொல்லியிருந்தாள்.

“வரலாம் பாப்பா. போட்டோ எடு, பாட்டைப் புடி, என்ன வேணா பண்ணு. ஆனா மழைச்சோறு எடுக்கறப்ப கூட நடக்கறவங்க பச்சத்தண்ணி தவிர எதையும் வாயில வைக்கக் கூடாது. ஏரில எல்லாரும் ஒண்ணா உக்காந்து திங்கற வரைக்கும். சம்மதம்னா வா.”

சம்மதிக்காமல் என்ன செய்வாள்? மழைச் சடங்குகளைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள். அவள் சேர்ந்த நாளிலிருந்து மழை தவறாமல் பெய்துகொண்டிருந்தது. ஊரெல்லாம் செழித்தது, அவள் ஆராய்ச்சி மட்டும் காய்ந்தது. மழை பொய்த்தால்தானே சடங்கு... அந்தக் காலத்தில் நடந்தது என்று பிறர் சொன்னதைத்தான் எழுதி வைத்திருந்தாள். கண்ணால் பார்க்காத சடங்கை வைத்துக்கொண்டு பட்டம் கேட்காதே என்று வழிகாட்டிப் பேராசிரியை கறாராகச் சொல்லிவிட்டார். இந்த வருடம் ஆடி முடியப்போகிறது, வானம் வாய் திறக்கவில்லை. ஏரி காய்ந்து வெடித்தது. போன் வந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படிச் சந்தோஷப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது.

பெண்கள் வீடு வீடாகப் போனார்கள். காடு கழனி வைத்திருப்பவர்கள், கறவை மாடு கட்டியிருப்பவர்கள்... நேற்றுவரை வாசலில் வந்து நின்றவர்களுக்குப் போட்டுப் பழகிய கைகள் இன்று முந்தானையை ஏந்தின.

“மழைச்சோறு போடுங்க தாயே...”

கேட்டால் எந்த வீடும் இல்லையென்று சொல்லக் கூடாது. களி, நெல்லுச்சோறு, சாமைச்சோறு, எது இருக்கிறதோ அது. எல்லாம் ஒரே மண்பானைக்குள். எதிலும் உப்பு மட்டும் இருக்கக் கூடாது.

“ஏம்மா உப்பு கூடாது?” லாவண்யா ரெக்கார்டரை நீட்டினாள்.

“உப்பு போட்டா நாக்குக்கு. போடாட்டி சாமிக்கு,” என்றாள் ஜோதியம்மாள். உயரமான பெண்மணி. பேச்சும் நடையும் ஒரே வேகம்.

“அதெல்லாம் இல்ல பாப்பா.” பின்னால் வந்த நஞ்சம்மா வீட்டில் கன்னடமும் வெளியில் தமிழும் பேசுகிறவள். “அழுதுக்கிட்டுத்தானே திங்கப் போறோம்? கண்ணுல வர்ற உப்பு பத்தாதா?”

“எங்க மாமியா போடல, நானும் போடல,” என்றாள் இன்னொருத்தி. “மழை வந்தாச் சரி.”

மூன்று பதில். மூன்றும் லாவண்யாவுக்குப் பிடித்தது. புத்தகத்தில் ஒரே காரணம்தான் போட்டிருந்தார்கள்... வானம் வெட்கப்பட வேண்டும் என்பதற்காக ஊரே பிச்சைக்காரியாக மாறுகிறது என்று. இங்கே ஆளுக்கொரு காரணம் வைத்துக்கொண்டு ஒரே பானையைச் சுமக்கிறார்கள். இது எப்படி என்று யோசித்துக்கொண்டே நடந்தாள். யோசித்தால் பசி கொஞ்சம் தள்ளி நின்றது.

தண்ணீர்த் தொட்டிவரை போன கூட்டம் அங்கே திரும்பிவிட்டது. தொட்டிக்கு அந்தப் பக்கமும் வீடுகள் இருந்தன. சின்ன வீடுகள். கம்பெனிச் சீருடை கொடியில் காய்ந்தது. ஒரு பெண் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தத் தெருவுக்குப் போகலையாம்மா?”

ஜோதியம்மாள் நடையை நிறுத்தவில்லை. “அது காலனி, பாப்பா. அவங்களுக்கு வேற சாமி, வேற மொறை.”

“மழை ஒண்ணுதானே?”

நஞ்சம்மா பேச்சை மாற்றினாள். “ஊத்தங்கரைன்னியே... அங்க எந்தப் பக்கம்?”

எந்தப் பக்கம் என்றால் எந்தச் சாதி என்று அர்த்தம். இந்தக் கேள்வியை லாவண்யாவிடம் பள்ளிக்கூடத்திலும் கேட்டிருக்கிறார்கள், ஹாஸ்டலிலும் கேட்டிருக்கிறார்கள்.

“பஸ் ஸ்டாண்டு பக்கம்க்கா,” என்றாள். அதுவும் பொய்யில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நடந்தால் அவள் காலனி வரும்.

பானை வாய்வரை நிரம்பியது. மாரியம்மன் கோயில் புங்கமரத்தடியில் அதை இறக்கி வைத்தார்கள். ஏரிக்குள் உட்கார இடம் கூட்டிச் சுத்தம் செய்ய வேண்டும், சூடம் வாங்க வேண்டும், வீட்டுக்கு வீடு பாய் தலையணை எடுக்க வேண்டும்.

“பாப்பா, பானையைப் பாத்துக்க. காக்கா வாய் வைக்கும்,” என்றாள் ஜோதியம்மாள். “நெறஞ்ச பானை கொறையக் கூடாது. கொறைஞ்சா மொத வீட்டுலருந்து மறுபடி எடுக்கணும். இந்த வெயில்ல இவளுங்களால ஆகாது.”

ரெக்கார்டரை ஓடவிட்டுப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள். கேமராவில் பேட்டரி மாற்றத் திரும்பி உட்கார்ந்தாள். பேட்டரி மூடி திறக்க மாட்டேன் என்றது. ஒருவழியாக மாற்றிவிட்டுத் திரும்பினால்...

பானை முன்னால் ஒருவன் குந்தி உட்கார்ந்திருந்தான். நீலச் சீருடை. முதுகில் வியர்வை உப்புப் பூத்து வரைபடம் போட்டிருந்தது. வலது கை பானைக்கும் வாய்க்குமாகப் போய்வந்தது.

“ஏங்க... யாரு நீங்க?”

திரும்பினான். தூங்காத கண்கள். சிவந்து, ஓரத்தில் கரியும் எண்ணெயும் ஒட்டி... ஆனால் சாப்பிடுகிற குழந்தைக்கு இருக்குமே, அப்படி ஒரு நிம்மதி அந்தக் கண்ணில். லாவண்யா கோபப்பட வாயைத் திறந்தவள் ஒரு நொடி அதைப் பார்த்தபடி இருந்துவிட்டாள்.

“என்னங்க சோறு இது, உப்பே போடல,” என்றான் அவன். “ஆடி வெள்ளிக்குக் கூடவா சிக்கனம்?”

“கையை எடுங்க.”

“எடுத்துட்டேன்.” இன்னொரு வாய் போனது. “இது கடைசி.”

“அது மழைச்சோறு.”

தாடை அப்படியே நின்றது. கன்னம் உப்பியபடி அவளைப் பார்த்தான். பானையைப் பார்த்தான். மறுபடி அவளை.

“இப்ப இதை முழுங்கறதா, துப்பறதா?” வாய் நிறையச் சோற்றோடு கேட்டான்.

“எனக்குத் தெரியாது. மழைச்சோத்தைத் திருடித் தின்ன ஆளைப் பத்தி எந்தப் புத்தகத்துலயும் இல்ல.”

முழுங்கினான். “திருடலைங்க. அன்னதானம்னு நெனச்சேன். ரெண்டு ஷிஃப்ட் சேத்து நின்னுட்டு வரேன்... ஓசூர்ல தகடு அடிக்கற பிரெஸ் ஷாப்பு. கண்ணு தெரியல. சோத்து வாசம் மட்டும் தெரிஞ்சுது.”

“தானா பானையில கைவிட்டுத் திங்கறதுதான் உங்க ஊர் அன்னதானமா?”

“நீங்க திரும்பி உக்காந்திருந்தீங்க. தூங்கறீங்கன்னு எழுப்பல.”

“ரொம்ப நல்ல மனசு.”

“எங்கம்மா அப்படிச் சொல்ல மாட்டாங்க.” கையைச் சட்டையில் துடைத்தான். “என் பேரு வெங்கட். இந்தப் பானையைத் தூக்கிட்டு வர்ற ஜோதியம்மா மகன். இப்ப அவங்க வந்தாங்கன்னா என்னையும் உள்ள போட்டுக் கலக்கிடுவாங்க.”

சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தாள். சிரிப்பு வந்துவிட்டது. அவன் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கம்பெனியில் பத்து பேர் பேசினால் எட்டு பேர் கேட்க மாட்டார்கள், இரைச்சல். இந்தப் பெண் கேட்கிறாள். கண்ணாலேயே கேள்வி கேட்கிறாள்... பதில் சொல்லத் தோன்றுகிறது, என்று அவன் நினைத்தான்.

இருவரும் பானைக்குள் எட்டிப் பார்த்தார்கள். நடுவில் பள்ளம். நல்ல பள்ளம்.

“மொத வீட்டுலருந்து போகணும்,” என்றான் வெங்கட். குரலில் விளையாட்டு போய்விட்டது. “நஞ்சம்மாக்கா சக்கரை வியாதிக்காரங்க. நேத்துலருந்து சாப்பிடல.”

பார்க்க வந்தவள் தொடக் கூடாது. இது பேராசிரியை சொன்ன முதல் பாடம். நடப்பதை எழுது, நீ கை வைக்காதே. லாவண்யாவுக்கு அது மனப்பாடம். ஆனாலும் அவள் கை பைக்குள் போயிற்று. டிபன் பாக்ஸைத் திறந்தாள். வெறும் வெள்ளைச் சோறு, குழம்பு தனிக் கிண்ணத்தில். சோற்றை மட்டும் பள்ளத்தில் கொட்டி மேலாகத் தட்டிவிட்டாள். பானை பழையபடி நிரம்பியது.

வெங்கட் டிபன் பாக்ஸைப் பார்த்தான். “இது உங்க சாப்பாடா? நீங்க சாப்பிட்டீங்களா?”

“நேத்து ராத்திரி.”

அவன் முகம் மாறிப்போனது. “பட்டினியா இருக்கறவங்க பக்கத்துல உக்காந்து நான்...” மீதியைச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். காது மடல் சிவந்திருந்தது. அந்தக் காது மடலை ஏன் கவனிக்கிறோம் என்று லாவண்யாவுக்கு விளங்கவில்லை.

“போயி முகம் கழுவுங்க,” என்றாள். “மீசையில களி.”

ஏரி நடுவில் வட்டமாக உட்கார்ந்தார்கள். வெடித்த மண் வெயிலில் சுட்டது. ஆண்கள் கரைமேல் தள்ளி நின்றார்கள்... சோறு தின்றபின் பெண்கள் பாய் தலையணையோடு ஊரை விட்டுப் போவதாகக் கிளம்புவார்கள், ஆண்கள் மறித்துத் திரும்பக் கூப்பிட வேண்டும். அதுவரை அவர்களுக்கு வேலையில்லை. வெங்கட்டும் அங்கே நின்றான். அவள் பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்தான்.

ஜோதியம்மாள் பானைச் சோற்றைக் கலந்து பிசைந்து ஆளுக்கொரு உருண்டை கொடுத்தாள். பாட்டை எடுத்தாள்.

“ஏரி வயித்துல பூமி பொளந்துச்சே...
எருமை நாக்குல ஈரம் அத்துச்சே...
ஊரே கையேந்தி உன் வாசல் நிக்குறோம்,
ஒத்தைத் துளி போடக் கூடவா உனக்கில்ல...”

லாவண்யாவுக்கு மயிர்க்கால் சிலிர்த்தது. இதற்குத்தான் காத்திருந்தாள். கேமராவைப் பிடித்தபடி தனக்குக் கொடுத்த உருண்டையைக் கடித்தாள். அவள் நாக்கு அறிந்ததைப் புத்தி அறியுமுன் நஞ்சம்மா வாயைத் திறந்துவிட்டாள்.

“உப்பு.”

பாட்டு நின்றது. அந்தக் கூட்டத்தில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் இருந்தார்கள், கன்னடம் பேசுகிறவர்கள் இருந்தார்கள். மூன்று மொழியிலும் அதற்கு ஒரே பெயர். எல்லோரும் அதையே சொன்னார்கள்.

லாவண்யாவுக்கு அப்போதுதான் அம்மாவின் உலை ஞாபகம் வந்தது. அம்மா உலையிலேயே உப்பைப் போட்டுத்தான் வடிப்பாள். அவர்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான். குழம்பு இல்லாத நாளில் வெறும் சோறு தொண்டையில் இறங்க வேண்டுமே. பிறந்ததிலிருந்து தின்ற சோறு... அதில் உப்பு இருப்பதே அவளுக்குத் தனியாகத் தெரிந்ததில்லை.

“யாரு வீட்டுச் சோறுடி?”

“சுஜாதா வீடாத்தான் இருக்கும். தெனமும் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடறவ, அதே அவசரத்துல எதையாவது அள்ளிப் போட்டிருப்பா.”

சுஜாதா என்கிற அந்தப் பெண் எழுந்து நின்றாள். புருஷன் இல்லாமல் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு பிழைப்பவள். “நான் போடலக்கா. சத்தியமாப் போடல.”

“மழை வரலன்னா உன்னாலதான்டி.”

இந்தச் சொல் ஒரு தடவை விழுந்தால் ஊரில் அது வருடக்கணக்கில் கிடக்கும். லாவண்யா கேமராவைக் கீழே வைத்தாள். அதற்குள் கரையிலிருந்து வெங்கட் இறங்கி வந்துவிட்டான்.

“யாரையும் சொல்லாதீங்க. நான்தான். தெரியாமப் பானையில கைவெச்சுத் தின்னுட்டேன். கொறைஞ்சுதுன்னு நம்ம வீட்டுச் சோத்தை எடுத்தாந்து போட்டேன்.”

ஜோதியம்மாள் மகனை ஏற இறங்கப் பார்த்தாள். “நம்ம வீட்டுல நேத்துலருந்து அடுப்பே பத்த வெக்கலடா. எந்தச் சோறு?”

வெங்கட் விழித்தான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் என்று பார்த்தாலே தெரிந்தது.

“என் சோறும்மா,” என்றாள் லாவண்யா. “அவரு பசியில தின்னுட்டாரு. நான்தான் என் டிபன்ல இருந்து போட்டேன். உப்பு இருக்கறது தோணல. தப்பு என்னுது.”

“எந்த ஊட்டுச் சோறு அது?” யாரோ ஒருத்தி கேட்டாள். கேட்ட தினுசிலேயே எல்லாம் இருந்தது.

காலையில் சொன்ன பதிலை இப்போதும் சொல்லலாம். வாய்வரை வந்தது. அடுப்பு முன்னால் குந்தி வடிதட்டைச் சாய்க்கிற அம்மாவின் கை கண்ணுக்குள் வந்தது. செங்கல் சுமந்து விரல் நுனியெல்லாம் தேய்ந்த கை.

“ஊத்தங்கரை காலனி. எங்கம்மா பேரு தங்கமணி. செங்கல் சூளையில வேலை. விடியறதுக்கு முன்னாடி எழுந்து எனக்காக வடிச்ச சோறு அது.”

ஒருத்தி எழுந்து கரையோரம் போய்த் துப்பினாள். அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. இன்னும் சிலர் எழப்போனார்கள். எல்லோர் கண்ணும் ஜோதியம்மாளிடம் போயிற்று.

ஜோதியம்மாள் பானையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “கலந்த மழைச்சோத்தைப் பிரிக்கவும் கூடாது, கொட்டவும் கூடாது,” என்றாள் கடைசியில். தன் கையிலிருந்த மீதி உருண்டையை வாயில் போட்டாள். மென்றாள். விழுங்கினாள். “தின்னுங்க.”

மற்றவர்களும் தின்றார்கள். ஒப்பாரி மறுபடி தொடங்கியது.

ஜோதியம்மாள் லாவண்யாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் தின்றது மனசாரவா, மழைக்குப் பயந்தா? எத்தனை படித்தாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது என்று லாவண்யாவுக்குத் தோன்றியது. பையை எடுத்துத் தோளில் போட்டாள்.

பெண்கள் பாய் தலையணையோடு ஊரை விட்டுக் கிளம்பினார்கள். மழையில்லாத ஊரு எங்களுக்கு வேணாம் என்று அழுதபடி. ஆண்கள் கைகூப்பி மறித்தார்கள். “திரும்புங்க தாயே, மழை வரும், திரும்புங்க.” பெண்கள் திரும்பினார்கள். லாவண்யா திரும்பவில்லை. அவளை யாரும் மறிக்கவுமில்லை. பேரிகை ரோட்டுக்கு வந்து நின்றபோது பின்னால் ஓடி வரும் சத்தம் கேட்டது.

“ஏங்க... நில்லுங்க.” வெங்கட்டுக்கு மூச்சு வாங்கியது. “ஊரை விட்டுப் போறவங்களைக் கூப்பிடறது எங்க மொறை.”

“உங்க ஊர் பொம்பளைங்களைத்தான் கூப்பிடணும். நான் உங்க ஊர் இல்ல.”

“கோவமா?”

“எதுக்குப் பொய் சொன்னீங்க?”

“உங்களைக் காப்பாத்தலாம்னு...”

“எதுலருந்து?” அவள் கண்ணில் நீர் நின்றது, விழவில்லை. “எங்கம்மா சோத்துலருந்தா? அது மறைக்கிற பொருளா?”

அவன் அசையவில்லை. இரும்புத் தகட்டுக்கடியில் விரல் மாட்டியவன்போல முகம். “நான் அப்படி நெனைக்கல,” என்றான்.

“நெனைக்காமலே வருது பாருங்க. அதான் கஷ்டம்.”

ஷேர் ஆட்டோ வந்தது. ஏறிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். வளைவு வந்ததும் பார்த்தாள். அவன் அப்படியே நின்றிருந்தான், வெயிலில்.

மழை உடனே வரவில்லை. அழுதால் மறுநாளே கொட்டும் என்பதெல்லாம் கதையில்தான். ஆவணி பாதி தாண்டி, எப்போதும் வருகிற மாதிரி மேகம் கட்டி, எல்லா ஊரிலும் பெய்த மழை பேரிகைப் பக்கமும் பெய்தது.

லாவண்யா எல்லாவற்றையும் எழுதி முடித்தாள். தான் சோறு போட்டதையும், தொட்டியோடு கூட்டம் திரும்பியதையும் மறைக்காமல் எழுதினாள். பேராசிரியை படித்த பக்கத்தைப் புரட்டி மறுபடி படித்தார். “நீ விதியை மீறிட்டே. ஆனா இந்தப் பக்கத்துலதான் சடங்கு உயிரோட இருக்கு. ஒரு வரி எடுக்காதே,” என்றார்.

எழுதுவதற்காக அந்த ஒலிப்பதிவை மறுபடி மறுபடி கேட்க வேண்டியிருந்தது. பானைக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த ரெக்கார்டர் எல்லாவற்றையும் பிடித்திருந்தது. ‘எடுத்துட்டேன்... இது கடைசி...’ அந்த இடத்தில் எழுத ஒன்றுமே இல்லை. இருந்தும் கேட்டாள். வேலைக்காகத்தான் கேட்கிறேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டு கேட்டாள்... யார் நம்பப்போகிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ஊத்தங்கரையில் மழை விடாமல் பெய்தது. சந்தில் முழங்கால் சேறு. சூளையில் வேலை இல்லை, சுடாத பச்சைக் கல்லெல்லாம் கரைந்து போயிற்று. தங்கமணி வாசலில் குந்தி உட்கார்ந்து மழையை வைதுகொண்டிருந்தாள். சந்துக்குள் ஒரு பைக் வழுக்கி, நிமிர்ந்து, மறுபடி வழுக்கி வந்து நின்றது.

“சூளைத் தங்கமணி அம்மா வீடு...”

“நான்தான். நீ யாரு தம்பி? லோன்காரனா?”

“இல்லைங்கம்மா. பேரிகைப் பக்கம். வெங்கட்.”

உள்ளே லாவண்யாவின் கையிலிருந்த புத்தகம் மடியில் விழுந்தது. எழுந்திருக்கவில்லை. எழுந்தால் வாசலுக்கு ஓடிவிடுவோமோ என்று பயந்தாள்.

“ஓ... மழை கேட்டு அழுத ஊரா?” தங்கமணிக்கு மகள் எல்லாம் சொல்லியிருந்தாள். “நீங்க அழுது கூப்பிட்ட மழை எங்க கூலியை அடிச்சுக்கிட்டுப் போகுது பாரு. கொஞ்சம் மெதுவா அழுதிருக்கக் கூடாதா?”

வெங்கட்டின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. “எனக்கு இது தெரியாதுங்கம்மா,” என்றான். “மழைன்னா எல்லாருக்கும் நல்லதுன்னு நெனச்சிருந்தேன்.”

தங்கமணி அவனை உற்றுப் பார்த்தாள். “உள்ள வா. நனைஞ்ச கோழியாட்டம் நிக்காத. சாப்பிட்டியா?”

“இல்லைங்க.”

“அதானே. பசியில கை வைக்கறவன்தானே நீ.”

சோறு போட்டாள். கருவாட்டுக் குழம்பு. அவன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து குனிந்த தலை நிமிராமல் தின்றான். இரண்டாம் தடவை வாங்கித் தின்றான். லாவண்யா சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதே நிம்மதி அந்தக் கண்ணில். அவளுக்குள் ஏதோ இளகிற்று... இளகுவதைப் பார்த்து அவளுக்கே ஆச்சரியம். தங்கமணி இருவரையும் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டில் குடை வாங்கி வருவதாகச் சொல்லி மழையிலேயே இறங்கிப் போனாள்.

“எதுக்கு வந்தீங்க?” லாவண்யா கேட்டாள்.

“நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்ல.” கை கழுவிவிட்டு நின்றான். “அன்னிக்கு நான் மறைக்கத்தான் பாத்தேன். உங்களுக்காகன்னு நெனச்சேன். யோசிச்சா... எங்க ஊரு உங்க முன்னாடி அசிங்கப்படக் கூடாதுன்னுதான் மறைச்சிருக்கேன். தப்புங்க. கம்பெனில எனக்கு அடுத்த மெஷின்ல நிக்கறவன் எங்க ஊர்க் காலனிக்காரன். தெனமும் அவன் டப்பால கை போடுவேன். ஊருக்குள்ள வந்தா அவன் வீட்டுப் பக்கம் போனதில்ல. போன வாரம்தான் போனேன்.”

“போயி?”

“சாப்பிட்டேன்.”

“எங்க போனாலும் சாப்பாடுதானா?”

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டான். “லாவண்யா... எனக்குச் சுத்திப் பேசத் தெரியாது. உங்களைப் புடிச்சிருக்கு. நீங்க ஏரியில எழுந்து நின்னு உங்கம்மா பேரைச் சொன்னீங்களே, அந்த நிமிஷத்துலருந்து.”

ஓட்டில் மழை இரைந்தது. அவள் கண்ணை எடுக்காமல் அவனைப் பார்த்தாள்.

“எனக்கு அதுக்கும் முன்னாடி,” என்றாள் மெல்ல. “வாய் நெறையச் சோத்தை வெச்சுக்கிட்டு, முழுங்கறதா துப்பறதான்னு என்னைக் கேட்டீங்களே... அப்பவே.”

அவன் ஒரு எட்டு முன்னால் வைத்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“உங்கம்மாகிட்டச் சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“என்ன சொன்னாங்க?”

“‘நல்ல பொண்ணுதான்டா’ன்னாங்க. அப்புறம் பேச்சே இல்ல. எனக்குச் சோறு போடறாங்க, பேசறதில்ல.” தரையைப் பார்த்தான். “நான் விடப்போறதில்ல. தெனமும் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன்.”

“என்னை ஏத்துக்கச் சொல்லிக் கேக்காதீங்க,” என்றாள் லாவண்யா. “எங்கம்மாவைச் சாப்பிடக் கூப்பிடச் சொல்லுங்க. உங்க வீட்டுக்குள்ள, உங்கம்மா திங்கற தட்டுலயே. அதுக்கப்புறம் நாம எத்தனை வருஷம் வேணா பேசலாம்.”

“கூப்பிடுவாங்க.”

“எப்போ?”

அவனுக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்த மாதிரி நடிக்கவுமில்லை. அதனாலேயே அவள் நீட்டிய கையைக் கீழே போடாமல் அவன் பக்கம் திருப்பினாள். அவன் பிடித்துக்கொண்டான். கரடுமுரடான கை. அவள் வீட்டில் பழகிய கை மாதிரியே இருந்தது.

அடுத்த மாதம் போயிற்று. தீபாவளி வந்து போயிற்று. வெங்கட் ஞாயிறுதோறும் வருகிறான், தங்கமணி போடுவதைச் சாப்பிடுகிறான். பேரிகைப் பக்கமிருந்து ஜோதியம்மாளின் அழைப்பு வரவில்லை. தங்கமணி வடித்த சோற்றை ஜோதியம்மாளும் அந்த ஊர்ப் பெண்களும் தின்றிருக்கிறார்கள். பதிலுக்குத் தங்கமணிக்கு அந்த ஊரில் ஒரு வாய் சோறு இன்னும் யாரும் போடவில்லை. அந்தக் கடன் அப்படியே நிற்கிறது.